சென்னையில் குழந்தைகளோடு ஒரு பூங்கா நாள்: இடத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

"இந்த வாரம் வண்டலூர் போலாமா?" என்று பேச்சு ஆரம்பிக்கும்போதே பாதிச் சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. இடத்தை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்குள் தாத்தாவின் முழங்கால் வலியையும் மூன்று வயதுக் குழந்தையின் மதியத் தூக்கத்தையும் திணிக்கப் பார்க்கிறோம். பன்னிரண்டு மணிக்கு உச்சி வெயிலில் ஒரு பிள்ளை அழ, இன்னொன்று ஐஸ்கிரீம் கேட்க, பெரியவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வதில் அது முடிகிறது.

எங்கள் குடியிருப்பிலும் சொந்தத்திலும் இப்படிக் கிளம்பும் குடும்பங்களோடு நிறைய சுற்றியிருக்கிறேன். புதிதாகக் கிளம்புகிறவர்கள் தடுக்குகிற இடம் அநேகமாக ஒன்றுதான்: வரிசை. யார், எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணி என்ற நான்கையும் முடிவு செய்துவிட்டால் இடம் தானாகவே வந்து நிற்கும்.

1. யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

கூட்டத்தில் மிகக் குறைவாக நடக்கக்கூடியவர் யாரோ, அன்றைய பயணத்தின் அளவை அவர்தான் முடிவு செய்கிறார். பத்து வயதுப் பையனின் ஆசையை வைத்துத் திட்டம் போட்டால் மூன்று வயதுத் தங்கையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அப்பாதான்.

மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய பூங்கா போதும். அந்த வயதுக்குப் புலியும் ஒன்றுதான், பூங்கா வாசலில் படுத்திருக்கும் பூனையும் ஒன்றுதான். பூனை அருகில் இருப்பதால் அதற்கே மதிப்பு அதிகம்.

நான்கு முதல் ஏழு வயது வரை, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடிக்கக்கூடிய சிறிய இடங்கள் சரி. கிண்டி சிறுவர் பூங்காவும் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முதலைப் பண்ணையும் இந்த வயதுக்கென்றே அமைந்தவை. எட்டு வயதுக்கு மேல்தான் வண்டலூரை முழுசாகச் சுற்றவும், வேடந்தாங்கலில் ஓரிடத்தில் நின்று பறவை பார்க்கவும் பொறுமை வருகிறது.

தாத்தா பாட்டி வருவதாக இருந்தால் கேட்க வேண்டியது இரண்டு: உட்கார பெஞ்ச் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று, கழிப்பறை எங்கே. காட்சிகளைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

2. மாதத்தைப் பாருங்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய சென்னையில் வெளியே சுற்ற நல்ல காலம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் முதல் பாதி வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது போகலாம்தான், ஆனால் கையில் மாற்றுத் திட்டம் இருக்க வேண்டும்.

ஏப்ரல், மே இரண்டும் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் கிளம்புகிறார்கள். அக்னி நட்சத்திரம் நடக்கும் நாட்களில் காலை ஒன்பதரைக்கே தரை சுடும். மே மாதத்தில் கிளம்பினால் ஊர்ப் பூங்காவோடும் மாலைக் கடற்கரையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான். அதிலும் பறவைகள் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை, ஏரியில் தண்ணீரைப் பார்த்து வருகின்றன. மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால் நீரில் நிற்கும் மரங்கள் நெடுகக் கூடு தெரியும். மழை பொய்த்த ஆண்டில் அதே ஜனவரியில் போனாலும் ஏமாற்றம்தான். அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம், அந்தப் பக்கம் போய் வந்தவர்களிடம் "ஏரியில் தண்ணி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

3. கிழமையைப் பாருங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சிறுவர் பூங்காவை ஒட்டியுள்ள பாம்புப் பண்ணைக்கும் அதே செவ்வாய்தான். முதலைப் பண்ணைக்கு மட்டும் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பயந்து, அலுவலகத்தில் லீவு போட்டுச் செவ்வாய் காலையில் கிளம்பிப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. பண்டிகை, பள்ளி விடுமுறை நாட்களில் இந்த முறையைத் தளர்த்துவதும் உண்டு என்பதால் முந்தின நாள் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

காணும் பொங்கலன்று கிண்டி, வண்டலூர், மெரினா மூன்று பக்கமும் சின்னக் குழந்தைகளோடு போகாதீர்கள். அன்று ஊரே கிளம்பும். கூட்டத்தையே கொண்டாட்டமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல நாள்தான். கைக்குழந்தை இருந்தால் வேண்டாம்.

லீவு போட முடிந்தால் புதன் அல்லது வியாழன். முடியாவிட்டால், ஞாயிறைவிடச் சனிக்கிழமை காலை மேல். சில பள்ளிகள் சனிக்கிழமையும் இயங்குவதால் கூட்டம் கொஞ்சம் குறைவு.

4. நேரத்தை முடிவு செய்யுங்கள்

காலைச் சுற்று, மாலைச் சுற்று என்று இரண்டுதான் உண்டு. "காலையில் போய்ச் சாயங்காலம் வரலாம்" என்பது பெரியவர்களுக்குக் காசுக்கேற்ற கணக்காகத் தெரியும். குழந்தைகளுக்கு அது தண்டனை. பதினோரு மணியிலிருந்து மூன்றரை வரை மிருகங்களே நிழலில் படுத்துவிடுகின்றன.

இன்னொன்று, மாநகராட்சிப் பூங்காக்கள் பல நண்பகலில் பூட்டப்படும். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்றுதான் திறந்திருக்கும். பன்னிரண்டு மணிக்குப் போய்க் காவலாளியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. திறந்திருந்தாலும் உள்ளே உள்ள இரும்புச் சறுக்கு மரத்தில் உட்கார முடியாது. சறுக்கில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

மாலையில் கடற்கரைக்குப் போவதென்றால் நாலரைக்கு முன்னால் மணலில் கால் வைக்க வேண்டாம்.

5. இப்போது இடம்

மேலே உள்ள நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் பட்டியல் நிஜமாகவே சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய பிறகு எதை எதற்காக எடுப்பது என்று பார்ப்போம்.

ஊருக்குள்ளே: மயிலாப்பூர்ப் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்கா, தி.நகரில் நடேசன் பூங்கா, அண்ணா நகரில் டவர் பூங்கா. மூன்றிலும் பெரிய மரங்கள் உண்டு, சிறு குழந்தைகளை விட்டுப் பிடிக்க இடம் உண்டு. டவர் பூங்காவுக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். பல பிள்ளைகளுக்கு அந்த ரயில் பயணமே பாதி விசேஷம். கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்காவில் செடி கொடிகள் அழகு. ஆனால் அது பார்க்கிற பூங்கா, ஓடுகிற பூங்கா இல்லை. அங்கே தாத்தா பாட்டிக்குத்தான் அதிக மகிழ்ச்சி. ஓடி ஏறிக் குதிக்க வேண்டும் என்றால் அதே சாலையில் 2024இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா பொருத்தம்.

கிண்டி: இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர் காடு. அதற்குள் பொதுமக்கள் நினைத்தபடி போய் நடக்க முடியாது. நாம் டிக்கெட் வாங்கிப் போவது அதன் ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காவுக்கு. "காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அங்கே போனால் கேள்வி வரும். சிறுவர் பூங்கா என்றே சொல்லுங்கள். வெளிமான், புள்ளிமான், பறவைகள், விளையாட்டுத் திடல் என்று இரண்டு மணி நேரம் நன்றாகப் போகும். பாம்புப் பண்ணைக்குத் தனி டிக்கெட். முதலில் பாம்பைப் பார்த்துவிட்டு அப்புறம் விளையாட்டுத் திடலுக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் ஊஞ்சலிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

வண்டலூர்: சுமார் 600 ஹெக்டேர். இந்த அளவு மனதில் பதியாமல் வருகிறவர்கள்தான் அதிகம். முதல் கூண்டுகளிலேயே அரை மணி நேரம் நின்று, புலியிருக்கும் பக்கம் வருவதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். ஆகவே உள்ளே போனதும் வரைபடப் பலகை முன்னால் நின்று, ஆளுக்கு ஒரு மிருகம் சொல்லச் சொல்லுங்கள். நான்கு பேர் என்றால் நான்கு மிருகம். அவற்றை இணைக்கிற பாதைதான் உங்கள் பாதை. மற்றவை வழியில் வந்தால் லாபம்.

பேட்டரி வண்டி தாத்தா பாட்டிக்கும் சின்னவர்களுக்கும் அவசியம். ஆனால் அதில் போனால் குறிப்பிட்ட இடங்களில் சற்று நேரம்தான் நிறுத்துவார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடந்தோ வாடகை சைக்கிளிலோ போவதே நல்லது. குடும்பத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி வண்டியிலும் ஒரு பாதி நடந்தும் போய் ஓரிடத்தில் சந்திப்பதில் தப்பே இல்லை. ஒட்டிக்கொண்டே சுற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் சண்டை வருகிறது.

முதலைப் பண்ணை: கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலியில் இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. சின்ன இடம், நிறைய நிழல், சீக்கிரம் சுற்றிவிடலாம். ஒரே பிரச்சினை, முதலைகள் அசையா. "பொம்மையா?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும், அடுத்த நிமிடம் ஒரு கல்லோ பாட்டில் மூடியோ கையில் இருக்கும். அதைத் தடுக்க ஒரு வழி: வாய் திறந்தபடி கிடக்கும் முதலை ஒன்றைக் காட்டி, உடம்புச் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ளத்தான் அது அப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, கண் இமைக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு பக்கவாட்டுச் சவ்வு கண்ணை மூடித் திறப்பதை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் போதும், எல்லாப் பிள்ளைகளும் அந்தச் சுவரை விட்டு நகரமாட்டார்கள்.

வேடந்தாங்கல்: செங்கல்பட்டைத் தாண்டிப் படாளம் கூட்டுச்சாலையில் திரும்ப வேண்டும். நகரிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவு. காலை ஏழு மணிக்குள் அங்கே இருந்தால் பறவைகள் இரைக்குக் கிளம்புவதைப் பார்க்கலாம். அது முடியாவிட்டால் மாலை நாலு மணிக்குப் போய், கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் போனால் கூட்டில் உட்கார்ந்திருப்பவை மட்டும்தான் தெரியும்.

ஏரிக்கரையில் நின்று பார்ப்பதால் பறவைகள் தூரத்தில்தான் இருக்கும். தொலைநோக்கி இல்லாமல் குழந்தைகளை அழைத்துப் போவது வீண். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சின்னவர்களுக்குத் தொலைநோக்கியில் பார்க்கத் தெரியாது. வீட்டிலேயே எதிர்வீட்டு மாடித் தொட்டியை வைத்துப் பழக்கிவிடுங்கள்.

பெயர்களை மொத்தமாகச் சொல்லித் தராதீர்கள். அலகைப் பார்த்துச் சொல்லக்கூடிய மூன்று போதும்: கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா. முதல் இரண்டுக்கும் பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. மூன்றாவதற்கு அலகின் கீழே தொங்கும் பை. இந்த மூன்றையும் பிடித்துவிட்ட பிள்ளை நத்தைக்குத்தி நாரையையும் பாம்புத்தாராவையும் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

பள்ளிக்கரணை: உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம். சூழல் பூங்காவில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நிழல் குறைவு என்பதால் குளிர்காலத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சரி. வேடந்தாங்கலுக்கு முன்னோட்டமாக இங்கே வந்து, பிள்ளைக்குப் பறவையில் ஆர்வம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இல்லையென்றால் எண்பது கிலோமீட்டர் மிச்சம்.

கடற்கரை: பெசன்ட் நகர் போதும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்பது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். சென்னைக் கரையில் தரை திடீரென்று இறங்கும், அலை திரும்பும்போது காலடி மணலை இழுக்கும். நீச்சல் தெரியும் என்பது அங்கே செல்லாது. மார்ச், ஏப்ரலில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளில் போக முடிந்தால் விட்டுவிடாதீர்கள். இரவு முழுக்க முட்டை தேடி நடக்கும் ஆமை நடைக்குச் சின்னவர்களைக் கூட்டிப்போவது சரிப்படாது. குஞ்சு விடுவதைப் பார்ப்பது மாலையிலேயே முடிந்துவிடும். செல்போன் விளக்கை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பிவிடும்.

படகு: உயிர்காப்பு உடை தராத படகில் ஏறாதீர்கள், யார் வற்புறுத்தினாலும். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளுக்குப் படகு வேண்டும் என்றால் முட்டுக்காடு படகுத்துறை இருக்கிறது. அங்கேயும் குழந்தையின் அளவுக்கு உடை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரியவர் உடையைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலை வழியாகக் கழன்றுவிடும்.

ஒரு நாளைக்கு ஓர் இடம். "ஈசிஆர்தானே, முதலைப் பண்ணை, முட்டுக்காடு, மாமல்லபுரம் மூணையும் பார்த்துடலாம்" என்பார் ஒரு மாமா. அந்த மாமாவைக் கார் ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் பிள்ளைகளோடு நீங்கள் உட்காராமல் இருந்தால் பார்க்கலாம்.

6. டிக்கெட்டும் போகும் வழியும்

ஆன்லைனில் டிக்கெட் கிடைக்கும் இடத்துக்கு முந்தின இரவே வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை வரிசையில் நிற்கும் நேரம்தான் நாளின் குளிர்ந்த நேரம், அதை வரிசையில் கரைக்கக் கூடாது. டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாசலில் சிக்னல் கிடைக்காமல் தவிக்கிறவர்கள் தினமும் உண்டு. கேமரா, சஃபாரி போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டலூருக்குப் புறநகர் ரயிலே சிறந்த வழி. வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஜிஎஸ்டி சாலையைக் கடந்து பூங்கா வாசல். அருகில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு அந்தச் சாலையின் நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. கிண்டிக்கும் ரயிலும் மெட்ரோவும் இருக்கும்போது கார் எதற்கு? வேடந்தாங்கலுக்கு மட்டும் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும்; செங்கல்பட்டிலிருந்து பேருந்து உண்டு என்றாலும் பறவைகளின் நேரத்துக்கும் அதற்கும் ஒத்துவராது.

7. பையில் என்ன

தண்ணீர்தான் முதலில், ஆளுக்கு ஒரு லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் பைகளையும் பொட்டலங்களையும் வண்டலூர் போன்ற இடங்களில் வாசலிலேயே சோதித்து நிறுத்துவார்கள். சிப்ஸை டிபன் பாக்ஸுக்கு மாற்றிவிட்டால் வாசல் தகராறும் இல்லை, குரங்குத் தொல்லையும் குறைவு. பாக்கெட் சத்தம் கேட்டதுமே குரங்கு எழுந்து உட்காரும்.

தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். புளிசாதம், எலுமிச்சை சாதம், இட்லி மிளகாய்ப்பொடி மூன்றில் ஒன்று. சின்னவர்களுக்கு ஒரு செட் மாற்றுத் துணி, ஈரத் துண்டு, தொப்பி, ஓஆர்எஸ் பாக்கெட், கொசு மருந்து. வேடந்தாங்கலுக்குப் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். செருப்பு புதிதாக இருக்கக் கூடாது. பிறந்த நாளுக்கு வாங்கிய ஷூவை இன்றைக்குத்தான் போடுவேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையிடம் முந்தின இரவே பேசி முடித்துவிடுங்கள்.

8. வாசலில் செய்ய வேண்டியவை

உள்ளே போகும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். வராவிட்டாலும் போங்கள். உள்ளே அடுத்தது எவ்வளவு தூரத்தில் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு பிள்ளையின் பாக்கெட்டிலும் இரண்டு செல்போன் எண்கள் எழுதிய தாள். எண் மட்டும் போதும், பெயர் வேண்டாம். பெயரை வாசித்துக் கூப்பிடும் அந்நியர் தெரிந்தவர்போலத் தோன்றுவார். அப்புறம் வாசலிலேயே குடும்பமாக ஒரு போட்டோ எடுங்கள். பிள்ளை தொலைந்துவிட்டால் "என்ன கலர் சட்டை?" என்பதுதான் காவலாளியின் முதல் கேள்வி, பதற்றத்தில் பெற்ற தாய்க்கே மறந்துபோகும்.

"தொலைஞ்சா அழுதுகிட்டே நடக்காதே, நின்ன இடத்துலயே நில்லு" என்று சொல்லி வையுங்கள். தேடுகிறவரும் தொலைந்தவரும் நடந்துகொண்டே இருந்தால் சந்திக்க நேரமாகும்.

9. உள்ளே

பசி தெரியும் முன்பே சாப்பாடு. பத்தரைக்கு ஒரு சிறு தீனி கொடுத்துவிட்டால் கடை வாசலில் நடக்கும் பேரம் பாதி குறையும். கடையை ஒட்டி உட்காராதீர்கள், அதுவும் ஒரு முக்கியமான யோசனை.

மிருகங்களுக்குத் தீனி போடக் கூடாது என்பதைப் பிள்ளைகள் ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிறார்கள். மீறுவது பெரும்பாலும் கூட வந்த பெரியவர்கள். "ஒரு கேரட்தானே" என்பவருக்கு, ஒரு நாளைக்கு அந்த வழியாக எத்தனை பேர் போகிறார்கள் என்று சொன்னால் புரியும்.

சின்னவர் ஓரிடத்தில் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். முசுறா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கடித்தால் அன்றைய நாள் முடிந்தது.

10. கிளம்பும் நேரத்தை முதலிலேயே சொல்லுங்கள்

பதினோரு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டமென்றால் பத்தரைக்கு ஒரு முறை, பத்தே முக்காலுக்கு ஒரு முறை சொல்லுங்கள். திடீரென்று "போலாம் வா" என்றால் எந்தப் பிள்ளையும் வராது. விளையாட்டுத் திடலைக் கடைசியில் வைத்தால் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம்.

வேடந்தாங்கலிலிருந்து ஞாயிறு மாலையில் திரும்புகிறவர்கள் பரனூர் சுங்கச்சாவடியிலும் பெருங்களத்தூரிலும் சிக்கிக்கொள்வார்கள். ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் சென்னைக்குள் நுழைகிறார்கள். மாலைப் பறவைகள் வேண்டும் என்றால் சனிக்கிழமை போங்கள். ஞாயிறுதான் முடியும் என்றால் காலைச் சுற்று. இல்லையென்றால் செங்கல்பட்டிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறுங்கள், பின் சீட்டில் தூங்கிவிடுவார்கள்.

11. மழை வந்தால்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்பும் ஒவ்வொரு முறையும் கூரையுள்ள ஓர் இடத்தைக் கூடவே யோசித்து வையுங்கள். கிண்டிப் பக்கம் போயிருந்தால் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் அருகில். ஊருக்குள் வேறு எங்கே இருந்தாலும் எழும்பூர் அருங்காட்சியகம். பிள்ளைகளை நேராகத் திமிங்கல எலும்புக்கூட்டிடம் கூட்டிப்போங்கள், வெண்கலச் சிலைகளைப் பெரியவர்கள் மாறி மாறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை.